பொயானுக்கு ஒரு சிகரெட்

பிரோட்
29 செப்டம்பர் 1985

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது சாம்பல் கிண்ணம்தான். காலையில் கழுவ எடுத்தேன். உள்ளே சாம்பல் இல்லை, பூசணி விதைத் தோல் குவிந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வாயைத் திறந்தார். "டாக்டர் காலப் பாத்தான். புகைய விடு, இல்லேன்னா கால விடுன்னுட்டான்."

இடது கால் கட்டைவிரல் கருத்துப்போயிருக்கிறது அம்மா. காலுறையைக் கழற்றவே மாட்டாரே, எனக்கு எப்படித் தெரியும்? ரத்தம் அங்கே போகவில்லையாம். இந்த வயதில் நிறுத்தினாலும் காலைக் காப்பாற்றலாமாம். மறுபடி தொட்டால் உறுதி சொல்ல முடியாதாம். "அம்மாவுக்கு எழுதாத. வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். நீ ஓடி வருவாய் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

காபிக்கடைக்கு அவர் இப்போது போவதில்லை. அங்கே எல்லார் வாயிலும் புகை. ஒருநாள் சேதா மாமா ஜன்னலில் தலையை நீட்டி, "என்னய்யா ஸ்வெட்டோசார், புதுப்பொண்ணு மாதிரி உள்ளயே உக்காந்துட்ட?" என்றார். "போடா, ஒன் மூஞ்சியப் பாக்காம இருந்தாலே பாதி நோவு போயிடும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு மாமாவும் எட்டிப் பார்ப்பதில்லை. மாலையில் அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். விதை உடைபடும் சத்தம் மட்டும் கேட்கும்.

எனக்கு ஒரே ஒரு பயம். நவம்பரில் இறந்தோர் சனிக்கிழமை வருகிறது. நீ வியன்னா போன பிறகு ஒவ்வொரு முறையும் பொயான் அண்ணன் கல்லறையில் அப்பா இரண்டு சிகரெட் பற்ற வைப்பார். ஒன்று, ஊரில் எல்லோரும் செய்வதுபோல, கல்லின் மேல் அண்ணனுக்கு. இன்னொன்று அவருக்கு. நேற்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உயிரோட இருந்தப்ப எம் முன்னாடி ஒரு தடவகூட அவன் பத்த வச்சதில்ல. என்னைக் கண்டா முதுகுக்குப் பின்னால மறைச்சுக்குவான். செத்த பிறகுதான் அப்பனும் மகனும் சேந்து புகைக்கிறோம். அவன எப்படித் தனியா விடறது?"

 இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் மகள்,
வெரிட்சா


வியன்னா
14 அக்டோபர் 1985

என் கண்ணு வெரிட்சா,

உன் கடிதத்தை டிராமில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து கத்தினேன், நான் சொன்னதை அந்த மனிதர் கேட்கவில்லை. இப்போது கால் சொன்னதும் கேட்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அழுதேன்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கால் சில்லிடாமல் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

கல்லறைக்கு மட்டும் அவரை விடாதே. ஒன்று பற்ற வைத்தால் முடிந்தது, எனக்குத் தெரியாதா அவரை? இப்படிச் செய். சனிக்கிழமை பஸ்ஸில் அம்மா வருகிறாள் என்று சொல். பஸ் நிலையத்தை விட்டு அசைய மாட்டார், அதற்குள் பொழுது போய்விடும். பிறகு, விடுப்பு கிடைக்கவில்லையாம் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்தான். அவர் காலுக்காகச் சொல்கிற பொய்.

நிஜமாகவே வந்தால் என்ன என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் நினைப்பாய். இங்கே நான் பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாவுக்கு வேறு ஆள் இல்லை. அது மட்டும் காரணமில்லை. உன் அண்ணனின் மோட்டார் சைக்கிள் கிடந்த அந்த வளைவைத் தாண்டித்தானே ஊருக்குள் வர வேண்டும்? என்னால் இன்னும் முடியவில்லை, கண்ணு.

உன் அம்மா,
ஸ்டாமென்கா


பிரோட்
3 நவம்பர் 1985

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாய்வரை வந்தது. அப்பா உன் காலுறையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்து பார்த்தார். "ஒங்கம்மாவுக்கு என் அளவு மறக்கல" என்றார். நீ வருகிறாய் என்று சொல்லியிருந்தால் கடைசி பஸ் போன பிறகும் குளிரில் நின்றிருப்பார். அது புகையைவிடக் கெட்டது என்று எனக்குத் தோன்றியது. பொய்யாக உன்னை வரவைக்க என்னால் முடியாது அம்மா.

அதனால் கல்லறைக்குப் போனோம். படைக்க வேகவைத்த கோதுமை, ரொட்டி, கொஞ்சம் ரக்கியாச் சாராயம் எடுத்துக்கொண்டேன். வழியில் அப்பா ஒரு சிகரெட் பெட்டி வாங்கினார். "விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே?" என்றாள் கடைக்காரி. "எனக்கில்ல. பையனுக்கு" என்றார்.

கல்லறையில் நல்ல கூட்டம், நல்ல காற்று. மெழுகுவர்த்தி ஏற்றினோம். அப்பா ஒரே ஒரு சிகரெட்டை எடுத்துச் சுடர்மேல் பிடித்தார். வாயில் வைத்து இழுக்காமல் அது எங்கே பற்றும்? நுனி கருகி அணைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அணைந்தது.

பக்கத்தில் மனைவி கல்லறையில் நின்றிருந்த சேதா மாமா, "ஒரு இழுப்பு இழுய்யா! செத்தவங்களுக்காக இழுக்கறது கணக்குல வராது" என்று கத்தினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்பதுபோல் ஒரு கிழவர் தலையாட்டினார்.

அப்பா மூன்றாவதை உதட்டில் வைத்தார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது, காது மட்டும் சுட்டது. கையை நீட்டி அதை அவர் வாயிலிருந்து எடுத்தேன்.

"நான் பத்த வைக்கிறேன்ப்பா."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உள்ள இழுக்காத. வாயோட விட்டுடு" என்றார், காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்தார். இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன். நெருப்புப் பிடித்தது. கல்லின் விளிம்பில் வைத்தேன்.

புகை நேராக அவர் முகத்துக்குத்தான் போனது. அவர் மூக்கு விரிந்ததைப் பார்த்தேன்.

"நீங்க வாசலுக்குப் போயிடுங்கப்பா."

"அவன்..."

"நான் இருக்கேன்."

கல்லில் உதட்டை வைத்துவிட்டு, மிச்சப் பெட்டியைச் சேதா மாமா கையில் திணித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணனின் சிகரெட் எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெரிட்சா