பின்வாங்கச் சொன்னது யார்

சியோல்,
அக்டோபர் 14

அன்புள்ள சங்வூக் அண்ணாவுக்கு,

பொம்சோக் எழுதுகிறேன். வடக்கு எல்லைப் பக்கம் இப்போதே உறைபனி விழுந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். காவலுக்கு நிற்கும்போது உள்ளே ஒரு பனியன் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். மவுஸ் பிடித்தே தேய்ந்துபோன மணிக்கட்டு அது, குளிர் தாங்காது. அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டுச் சாம்பியன் என்று யாராவது அடையாளம் கண்டு தொந்தரவு செய்கிறார்களா? இல்லை, யாருக்கும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறீர்களா?

நாங்கள் கோடைக் கோப்பையை ஜெயித்துவிட்டோம். அங்கேயும் செய்தி வந்திருக்கும். உங்கள் கைக்கு வந்து இரண்டு தடவை நழுவிய அதே கோப்பை என்பதால், இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதுவதும் ஜெயித்த கதையைச் சொல்ல அல்ல.

நம் அணியில் உங்கள் இடத்துக்கு வந்திருப்பவன் பெயர் தோயுன். குவாங்ஜுக்காரன், இப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தவன். ஆட்டத்தில் குறி தப்பாமல் சுடுகிறான். வந்த அன்றே உங்கள் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "இதுல ஆள் இருக்கிற மாதிரியே இருக்குண்ணா" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நாற்காலி இப்போது சுவரோரமாகக் கிடக்கிறது. நீங்கள் கையில் ஒட்டும் வலிப் பட்டையின் நெடி இன்னும் அதிலிருந்து போகவில்லை. நம் கோச் மா அதை வெளியே தூக்கிப் போடச் சொன்னார். பிறகு அவரே போய்த் தூக்கி வந்து அதே இடத்தில் வைத்தார். காரணம் கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை.

என் நிலைமையும் சரியில்லை. பயிற்சியின்போது திடீரென்று "சரி, வந்துட்டேன்" என்று மைக்கில் சொல்லிவிடுகிறேன். தோயுன் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே" என்கிறான். ஏழு வருஷம் நீங்கள் முன்னே நின்று சுட, உங்கள் பக்கத்தில் நின்று காத்தவன் நான். பழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி நம் அணியின் சியுங்மோவைப் பற்றி எழுதியாக வேண்டும். பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வசந்தப் போட்டியில் அரையிறுதியில் தோற்ற மறுநாள், கோச் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுக் காட்டினாரே, அன்று அவன் எல்லார் முன்னாலும் உங்களைப் பற்றிப் பேசியது என் காதை விட்டுப் போகவில்லை. "எப்பப் பாரு பின்வாங்கு, பின்வாங்குன்னே சொல்றாரு. கை ஓடலைன்னா ஓடலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அவர் பயத்துக்கு நாங்க ஏன் தோக்கணும்?" மறுத்துப் பேசுவீர்கள் என்று கோச் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களோ "அவன் சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அணிச் சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தோம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. நீங்கள் ராணுவத்தில் சேர்ந்ததை எங்களுக்குச் சொன்னது பத்திரிகைதான்.

இறுதிப் போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

கடைசி ஆட்டம். இரண்டு அணியும் சமம். முன்வரிசையில் உங்கள் ரசிகை ஒருத்தி உங்கள் பெயர் எழுதிய அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, கத்தாமல், கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கேமரா அவள் பக்கம் போகவே இல்லை. முடித்துவிடலாம் என்று தோன்றிய நேரத்தில் சியுங்மோ "உள்ள போ, உள்ள போ" என்று கத்தினான். எல்லாரும் பாய்ந்தோம். அப்போது என் காதில், அத்தனை இரைச்சலிலும் பதறாமல், "பொம்சோக், பின்வாங்கு" என்று கேட்டது. நீங்கள் இழுத்துக் கூப்பிடுவீர்களே, அதே மாதிரி. என் கை தானாகத் திரும்பிவிட்டது. என்னைப் பார்த்து தோயுனும் திரும்பினான். எதிரணி ஐந்து பேரும் திரையின் இருட்டில் எங்களுக்காகப் பதுங்கியிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. துரத்திக்கொண்டு வந்தவர்களை எங்கள் எல்லைக்குள் வைத்து முடித்தோம்.

உடை மாற்றும் அறையில் கோச், "யாருப்பா பின்வாங்கச் சொன்னது? நல்ல முடிவு" என்று கேட்டபடியே ஆட்டத்தின்போது மைக்கில் நாங்கள் பேசிய பதிவை ஓடவிட்டார். அதில் சியுங்மோ கத்தியது இருந்தது. பாதியில் அவன் குரல் நின்றது. அப்புறம் யாருடைய குரலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு தூரம் கத்தியவனும் உள்ளே போகவில்லை. எங்களோடு அவனும் திரும்பியிருந்தான்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் சியுங்மோ. "என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரு."

கோச் பதிவை அணைத்துவிட்டார். தோயுன் உங்களைப் பற்றி மெல்ல ஒரு கேள்வி கேட்டான். எழுதினால் பலித்துவிடுமோ என்று பயம், அதை இங்கே எழுதமாட்டேன். சியுங்மோ பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நானும் கோச்சும் விலக்கிவிட்டோம். கோப்பையை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு தோங்யோங் ஊரிலிருக்கும் உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தேன். சிப்பி உடைக்கும் வேலை தொடங்கிவிட்டதாம். பின்னால் ஒரே சத்தம். "போன மாசம் பேசினான்ப்பா. சாப்பிட்டேன், தூங்குறேன்னு சொன்னான். குரல்ல உயிரே இல்ல. அதுக்கப்புறம் கூப்பிடல" என்றார். ராணுவத்தில் சாயங்காலம் போன் கையில் தருகிறார்களாமே அண்ணா. முகாமுக்கும் பேசிப் பார்த்தேன். குடும்பத்தாரிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்று வைத்துவிட்டார்கள். ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் எந்தக் கணக்கில் வருவான் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடுவார்களாம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறோம். வண்டி ஓட்டப்போவது சியுங்மோ. நீங்கள் கூப்பிடாமல் உள்ளே வரமாட்டேன், வாசலிலேயே நிற்கிறேன் என்கிறான். அவன் சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகிறது. அவனை மன்னியுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். வாய் வலிக்கத் திட்டுங்கள். உங்களிடம் திட்டு வாங்கினால் அவன் பிழைத்துக்கொள்வான்.

எங்களிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சரி. வாசலில் உங்கள் பெயரைச் சொல்லிக் காத்திருப்போம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. நீங்களே நடந்து வாருங்கள், அண்ணா.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பொம்சோக்