மீதி யாருக்கு?

3 டிசம்பர் 1981

இன்றும் கணக்கு நடக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் மண்டைக்குள் கிறிஸ்துமஸ் மட்டும்தான் இருக்கிறது. வகுத்தல் எழுதிப் போட்டுத் திரும்பினால், பெஞ்சுக்கடியில் காகித நட்சத்திரம் வெட்டுகிறார்கள். எல்லாவற்றையும் பறித்து வைத்தேன், கத்தினேன். தொண்டை கட்டியதுதான் கண்ட பலன். மலையேறிப் பேத்துப்பாறைக்கு வந்து யாருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறேன்?

7 டிசம்பர்

பறித்ததைத் திருப்பிக் கொடுத்தேன். பதினேழு நட்சத்திரம். மூன்று ஜன்னலிலும் சமமாகத் தொங்கவிட வேண்டும், எத்தனை மிஞ்சும் என்று கேட்டேன். வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. சண்டை, பசை, கூச்சல். ஆனால் ஐந்தைந்து, மீதி இரண்டு என்று கடைசி பெஞ்சு சொன்னது. கடைசி பெஞ்சு!

தலைமையாசிரியர் பரமானந்தம் சார் எட்டிப் பார்த்து, இது பள்ளிக்கூடமா சந்தையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

11 டிசம்பர்

கடலை மிட்டாய் வாங்கிப் போனேன். பிள்ளைகளே பங்கிட வேண்டும். மிஞ்சினால் எல்லாரும் சேர்ந்து “மீதி யாருக்கு?” என்று கத்த வேண்டும். அதுதான் விளையாட்டு.

தமயந்தியும் கத்தினாள். சிலோனிலிருந்து திரும்பி வந்து, மரம் வெட்டும் முகாமில் கிடக்கிற குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அப்பா அழகையா. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரலை நான் கேட்டதே இல்லை. மீதியை டீச்சருக்குக் கொடுக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். அவள் மட்டும், “வராத பிள்ளைங்களுக்கு வெச்சிருவம் டீச்சர்” என்றாள்.

முகாம் பிள்ளைகள் பலர் மரப்பட்டை உரிக்கப் போய்விடுகிறார்கள். அவர்களைச் சொல்கிறாள்.

15 டிசம்பர்

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன், பிறகு நம்பமாட்டேன்.

23 டிசம்பர்

நாளை முதல் விடுமுறை. வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான்: பண்டிகைக்கு யார் எதைப் பங்கிட்டாலும் வகுத்துப் பாருங்கள், மீதியைக் கேளுங்கள். பொங்கல் வரைக்கும் அதுதான் கணக்கு என்றேன். கைதட்டினார்கள்.

18 ஜனவரி 1982

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. தமயந்தி வரவில்லை. முகாமிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை.

20 ஜனவரி

பள்ளி விட்டதும் முகாமுக்கு நடந்தேன். மூடுபனியில் வழியே தெரியவில்லை. அழகையாவின் குடிசை இருந்த இடத்தில் நான்கு கம்புகள் நிற்கின்றன.

பக்கத்துக் குடிசை வீரம்மாதான் சொன்னாள். பொங்கலுக்குக் காண்ட்ராக்டர் வெல்லம் அனுப்பியிருக்கிறார். கங்காணி குடிசைக்கு ஒரு அச்சாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு மூட்டை வாயைக் கட்டியிருக்கிறான்.

“மீதி யாருக்குன்னு தமயந்தி கேட்டிச்சுங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டிச்சு. கூட நின்ன பிள்ளைங்களும் சேர்ந்து கத்துனாங்க.”

அப்பன்தான் சொல்லிக்கொடுத்தான் என்று அழகையாவை எல்லார் முன்னாலும் அடித்திருக்கிறார்கள். தடுக்கப் போன தமயந்திக்கும் விழுந்திருக்கிறது. விடிந்ததும் லாரியில் ஏற்றி வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

“பள்ளிக்கூடத்துல என்னம்மா சொல்லிக் குடுத்தீங்க?” என்று வீரம்மா கேட்டாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

21 ஜனவரி

நான் என்ன பண்ணிட்டேன். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

25 ஜனவரி

கொடைக்கானலுக்குப் போய்ப் போலீசில் புகார் கொடுக்கலாம், கூட வாருங்கள் என்று பரமானந்தம் சாரிடம் கேட்டேன். “நாம வாத்தியாருங்க, டீச்சர். நமக்கு எதுக்கு இந்தச் சோலி?” என்றார். தனியாகப் போனேன். முகாமிலிருந்து ஒருத்தராவது வந்து சொன்னால்தான் எழுதிக்கொள்வார்களாம்.

திரும்பும் வழியில் வீரம்மாவிடம், வந்து சொல்வாயா என்று கேட்டேன். “எங்களையும் லாரியில ஏத்தவாங்க?” என்றாள். மேலே என்ன கேட்பது?

9 பிப்ரவரி

தமயந்தி கேட்டது சரியான கேள்வி. நான் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டாள். பதிலுக்கு அடிப்பார்கள் என்பதை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரியாதே — தெரியாமலா இருந்தது? சிலோன்காரர்களை அந்தக் கங்காணி நடத்துகிற விதத்தை ஊரே பார்க்கிறது. நானும்தானே பார்த்தேன்?

14 மார்ச்

பாச்சலூர்ப் பக்கம் புதிதாக முகாம் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் போனேன். அடிபட்ட கையோடு ஒரு சிலோன்காரர் குடும்பத்தோடு வந்திருந்தாராம். அந்தக் கையால் வேலை ஆகாது என்று அனுப்பிவிட்டார்களாம். கூட ஒரு பெண்பிள்ளை இருந்ததா என்று கேட்டேன். இருந்தது, பேசாது என்றார்கள்.

15 மார்ச்

பள்ளிக்குப் போகவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தேன். அதுவும் வரவில்லை.

7 ஜூன்

புது வகுப்பு. முகாம் பிள்ளைகள் யாரும் சேரவில்லை. பெஞ்சில் இடம் கிடக்கிறது.

10 டிசம்பர் 1982

காலையிலிருந்து பிள்ளைகள் ஒரே குதி. கிறிஸ்துமஸுக்கு வகுப்பை ஜோடிக்கலாமா என்று காளியாயி வந்து கேட்டாள். போன வருஷம் இந்த வகுப்பில் இருந்த அவள் அண்ணன் சொல்லியிருப்பான். உட்காரச் சொன்னேன். ஏழாம் வாய்பாட்டைப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். எழுதினார்கள். குச்சி சிலேட்டில் தேய்வதைத் தவிர வேறு சத்தமில்லை.

பரமானந்தம் சார் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். “இப்பத்தாங்க வகுப்பு வகுப்பா இருக்கு” என்றார்.

நன்றி சொன்னேன்.