கீப் என்ற சொல்லும் அப்பாவின் ஐந்து மெஷின்களும்

திருவண்ணாமலை
22-7-84

அன்புள்ள மகன் அருணகிரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பிலாயில் நீயும் சந்திரகலாவும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது, அதுவும் உன் கடிதம் வந்த நாளிலிருந்துதான். ஆத்திரத்தில் பேனாவைத் தொடக்கூடாது என்று நாலு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். அப்பாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடிவிடலாம், ஐந்து மெஷினையும் வேலூர் ராமகிருஷ்ணனுக்குப் பேசி முடித்து அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது, ஆகஸ்டு பத்தாம் தேதி வருகிறேன், திரும்புவதற்கு உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன், தயாராக இரு என்று எழுதியிருந்தாய். எல்லாம் என் நல்லதுக்குத்தான் செய்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் பேசி முடித்த பிறகு சொன்னாயே தவிர, முடிப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

வியாழக்கிழமை அந்த ராமகிருஷ்ணன் வேனோடு வந்துவிட்டார். தேரடி வீதியில் வேனை நிறுத்தக்கூட இடமில்லை, ஆடி மாதக் கூட்டம். மாடிக்கு வந்து பார்த்தால் காலை வகுப்பு நடக்கிறது, நாலு மெஷினில் பிள்ளைகள், ஜன்னல் ஓரத்து ரெமிங்டனில் நான். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, பையன் எல்லாம் சொல்லிட்டாரும்மா, நீங்க எழுந்தீங்கன்னா ஒவ்வொண்ணா எடுத்துக்கினு போயிடுவேன்னு சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. பாதி பாராவில் இருந்தேன், அது முடியட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் தோள் துண்டை மடிக்கிறதும் பிரிக்கிறதுமாக நின்றார். தாளை உருவி எடுத்த பிறகு, மெஷின் விற்பதற்கு இல்லை, என் மகன் அவசரப்பட்டுவிட்டான், அட்வான்ஸ் உங்களுக்குத் திரும்பி வரும், வெயிலில் வந்திருக்கிறீர்கள், கீழே கடையில் ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். மனுஷர் கெட்டவர் இல்லை. நீங்களாம்மா இங்கிலீஷ் அடிக்கிறீங்கன்னு அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, காலி வேனை ஓட்டிக்கொண்டு போனார். ஆகையால் அந்த அட்வான்ஸை இந்த வாரமே அவருக்கு அனுப்பிவிடு.

இப்போது உனக்குத் தெரியாத சங்கதியைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு சரோஜாதான் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது உனக்குத் தெரியும், அப்பாவிடமே படித்து ஹையர் பாஸ் பண்ணின பெண். நான் வெறுமனே பூட்டைத் திறந்து பூட்டைப் பூட்டுகிற ஆளாக இருந்தேன். ஒரு நாள் ரிப்பன் காய்ந்து எழுத்து மங்கிப்போயிருந்தது, சரோஜா அன்றைக்கு வரவில்லை. நானே அதைக் கழற்றி மாட்டினேன், கையெல்லாம் மசி, சரியாக விழுகிறதா என்று ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்தேன். இருபது வருஷம் அந்த மாடிக்குக் காபி கொண்டுபோனவள், அதுவரை ஒரு கட்டையைத் தொட்டதில்லை. உன் அப்பா தொடாதே என்று சொன்னதும் இல்லை, தொடு என்று சொன்னதும் இல்லை. மறுநாளே சரோஜாவிடம் எனக்கும் ஏ எஸ் டி எஃப் சொல்லிக்கொடு என்று உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரியில் லோயர் எழுதினேன், பாஸ். உன்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், நானும் பயந்து படிப்பை விட்டிருப்பேன். சரோஜாவுக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை செங்கல்பட்டு. அவள் போய்விட்டால் ஹையர் பாஸ் பண்ணின ஆள் ஒருவர் பொறுப்பில் இல்லாமல் இன்ஸ்டிடியூட் நடக்காது. அந்த ஆள் நானாக இருக்கவேண்டும் என்று ஹையருக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பரிட்சை ஆகஸ்டு கடைசியில். நீயோ பத்தாம் தேதி வந்து என்னை ரயிலேற்றப் பார்க்கிறாய்.

ஸ்பீடு பேப்பர் எனக்குப் பயமில்லை, சுண்டுவிரல் ஒன்றுதான் வயசைக் காட்டுகிறது, அதற்கும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஒற்றடம் கொடுக்கிறேன். என்னை மிரட்டுவது இரண்டாம் பேப்பர்தான், கையால் எழுதிய கம்பெனிக் கடிதத்தைக் கொடுப்பார்கள், டாக்டர் சீட்டு மாதிரிக் கிறுக்கி, அடித்துத் திருத்தி, ஓரத்தில் ஒட்டுச் சேர்த்து. அர்த்தம் புரிந்தால்தான் கிறுக்கல் புரியும். அதில் எந்தக் கடிதத்தை எடுத்தாலும் கீப் என்று ஒரு சொல் வந்து நிற்கிறது. நம் ஊரில் யாரையாவது பற்றி அவனுக்கு ஒரு கீப் இருக்குது என்று சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று உனக்கே தெரியும், நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரிந்த கீப் அது ஒன்றுதான். முதல் கடிதத்திலேயே அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, இதென்னடி, பரிட்சைக்கு இப்படியெல்லாமா கொடுப்பாங்க என்று சரோஜாவைக் கேட்டேன், அந்தப் பெண் மெஷின் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள். அப்புறம் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ரோட்டில் கீப் லெஃப்ட் என்று போர்டு இருந்தால் இடதுபக்கம் போ. வாத்தியார் கீப் கொயட் என்றால் வாயை மூடு. ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர் ரிக்‌ஷாக்காரரிடம் கீப் த சேஞ்ச் என்றால் மீதிச் சில்லறை உனக்கே. கணக்கு எழுதினாலும் கீப், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாலும் கீப், மாடு கோழி வளர்த்தாலும் கீப், தயிர் கெடாமல் இருந்தாலும் அதுவே. ஒரு கடிதத்தில் எங்களுக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டிருங்கள் என்பதைக் கீப் அஸ் இன்ஃபார்ம்டு என்று கிறுக்கியிருந்தார்கள், நான் அதை யூனிஃபார்ம் என்று படித்து, ஜவுளிக்கடைக் கடிதமாக்கும், எங்களுக்கு யூனிஃபார்ம் எடுத்து வையுங்கள் என்கிறார்கள் என்று நினைத்து அடித்துவைத்தேன். அதற்கும் சிரித்தாள். சிரிக்கட்டும், இப்போது அந்தத் தப்பு வருவதில்லை.

ஒரே சொல்லுக்கு இத்தனை வேலையா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு குழம்பைத் தாளித்துக்கொண்டே யோசித்தேன், நாம் மட்டும் என்ன கம்மியா? குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், ஆசை வைக்கிறோம், கடன் வைக்கிறோம், திருஷ்டிக்குப் பூசணிக்காய் வைக்கிறோம். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கிறதும் அந்த வைதான், போனவருக்குக் கொள்ளி வைக்கிறதும் அந்த வைதான். அதை நாம் யாரும் பாடமாகப் படிக்கவில்லையே, புழங்கிப் புழங்கி வந்ததுதானே, இதுவும் வரும் என்று தைரியம் வந்தது. அந்த யோசனையிலேயே இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று இருந்தேன், எழுதுகிறேன், மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் படி. அப்பாவின் காரியம் முடிந்த அன்று பந்தலைக் கூடப் பிரிக்கவில்லை, நீயும் உன் மாமாவும் சித்தப்பாவும் முன்னறையில் உட்கார்ந்து பேசினீர்கள், அம்மாவ யார் வெச்சிக்கிறதுன்னு. நான் உள்ளே கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். நான் வெச்சிக்கிறேன் என்று நீ உடனே சொன்னாய். எத்தனை பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணு, அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் எல்லோரும் என்னை எங்கே வைப்பது என்றுதான் பேசுகிறீர்கள். நீ என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சரோஜா ஒருத்திதான் கேட்டாள், அதுவும் சம்பளம் வாங்க வந்த இடத்தில், இனிமே இன்னாம்மா பண்ணப் போறீங்கன்னு. எனக்குப் பதில் தெரியவில்லை, அழுதுவிட்டேன். இப்போது பதில் தெரியும்.

போன வருஷம் பிலாயில் மூன்று மாதம் இருந்தேனே, சந்திரகலா மேல் ஒரு குறை சொல்லமுடியாது. என்னை ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. காலையில் பால்கனியில் உட்காருவேன், கீழே ஆட்கள் போவார்கள் வருவார்கள், இந்தியில் பேசுவார்கள், நான் பார்ப்பேன், சாப்பிடக் கூப்பிடுவாள், சாப்பிடுவேன், மறுபடி பால்கனி. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள், ஆனால் எனக்கு நாற்பத்தெட்டு வயசுதான் ஆகிறது அருணகிரி. இன்னும் எத்தனை வருஷம் பால்கனியில் உட்காருவேன்? சந்திரகலா முழுகாமல் இருப்பதால் துணைக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும், அது அவள் அம்மாவுக்கு உரிய பாக்கியம், அதில் நான் குறுக்கே விழமாட்டேன். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நான் பிலாய்க்கு வருகிறேன், வளையல் அடுக்கி நானே போளூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். போளூர் எனக்கு ஒரு பஸ் தூரம், வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பேன். பேரனோ பேத்தியோ பிறந்தால் என் மடியில்தான் முதல் குளியல், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நேற்று கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் மாமா ஆதிமூலம் வந்தார், மணிலாக் கொட்டை நன்றாக வந்திருக்கிறதாம், ஒரு மரக்கால் கொண்டுவந்து வைத்தார். நீதான் அவருக்கும் எழுதியிருக்கிறாய் போல. பெத்த புள்ள வெச்சி சோறு போடறேன்றான், கம்முனு போயி இருக்காம இந்த வயசுல இன்னாத்துக்கு உனக்கு டொக்கு டொக்குன்னு கேட்டார். சோறு எனக்கு இங்கேயும் கிடைக்கிறது அண்ணா என்றேன். ஃபெயிலாப் போனா ஊரு சிரிக்கும்னார். சிரித்தால் சிரிக்கட்டும், பிப்ரவரியில் மறுபடி எழுதுவேன், அதுவும் போனால் அடுத்த ஆகஸ்டில் எழுதுவேன், அதுவரைக்கும் வேறு ஹையர் பாஸ் ஆளை உட்கார வைத்து நடத்துவேன் என்றேன். அண்ணன் மணிலாவை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். உன்னிடமும் அதையேதான் சொல்கிறேன். ஸ்பீடு அடிக்கும்போது தப்பு விழுந்தால் நான் நின்றுவிடுவேன். சரோஜா பின்னால் நின்று, நிக்காதீங்கம்மா, தப்பத் திரும்பிப் பாக்காதீங்க, கீப் டைப்பிங்னு சத்தம் போடுவாள். அந்தக் கீப்புக்கு விடாமல் செய் என்று அர்த்தமாம். இத்தனை கீப்பிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்தப் பக்கம் மழைக்காலம், சந்திரகலாவை ஈரத்தரையில் நடக்கவிடாதே, மாத்திரையை மறக்காமல் சாப்பிடச் சொல், வாந்திக்கு நாரத்தங்காய் ஊறுகாய் கேட்டிருந்தாள், நீ வந்தால் தந்து அனுப்புகிறேன். கட்டாயம் வா, கோபித்துக்கொண்டு இருந்துவிடாதே, உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று நினைக்காதே. காலை வண்டியில் வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன், தேரடி வீதி மாடியில் வகுப்பில் இருப்பேன். சாவி பக்கத்து வீட்டு வள்ளியிடம் இருக்கும், குளித்துவிட்டு ஒரு உலை வைத்துச் சோறு வடித்துவிடு, பரிட்சை எழுதுகிற பிள்ளைக்கு வீட்டில் இருப்பவர்கள் செய்கிற உபகாரம்தானே அது, உனக்கு நான் செய்யவில்லையா? எனக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. திரும்பும்போது ஒரு டிக்கெட் போதும்.

நீங்கள் இருவரும், வரப்போகிற உயிரும் நூறு வயசு நிறைந்து வாழ உண்ணாமுலை அம்மனை வேண்டும்,

உன் அம்மா,
ரேணுகாம்பாள்,
இங்கிலீஷ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ்.