டெய்லர் கீழே தூங்குகிறார்

என் அன்புள்ள டெய்லருக்கு,

உங்கள் வீட்டுக்காரி கடலுக்கு நடுவிலிருந்து எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமாகியே தீர வேண்டும், வேறு பேச்சே கிடையாது.

நாளை காலை உங்களுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்கிற செய்தி, இந்தத் தீவில் இறங்கிய பிறகுதான் மகளிடமிருந்து கிடைத்தது. நான் திரும்பிய பிறகு என்றுதானே சொல்லியிருந்தார்கள்? உடனே கிளம்ப இங்கே வேறு படகு இல்லை. எங்கள் பாய்மரப் படகு காற்று விட்ட வழியில்தான் போகும். படகுத்துறைக் கடைக்காரர் இந்தத் தாள்களைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். ஆபரேஷன் முடிந்ததும் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். கண்விழிக்க நேரமானாலும் காதருகே படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

"நீ பக்கத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தா எனக்குத்தான் பயம் வரும். போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று, நம் இருவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிய இந்தப் பயணத்துக்கு என்னை மட்டும் துரத்தினீர்களே, கேளுங்கள்.

இங்கே விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று பாதி நேரம் தெரிவதில்லை. பாய் காற்றில் விம்முகிற சத்தம் மட்டும்தான். ஒரு தீவில் பாறை முழுக்க வெள்ளைப் பறவைகள். நாங்கள் நெருங்கியதும் அத்தனையும் சேர்ந்து எழும்பின. வெட்டுவதற்கு முன் துணியை ஓர் உதறு உதறி விரிப்பீர்களே, அப்படி. இன்னொரு நாள் ஓர் ஆமை படகோடு கூடவே வந்தது. அதற்கும் அவசரமில்லை, எங்களுக்கும் இல்லை.

ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏறிய அன்று கேப்டன், "சார் எங்கம்மா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்று சொல்ல வாய் வரவில்லை. "கீழே தூங்குறாரு" என்று சொல்லிவிட்டேன். கடல் மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சமையல்காரர் உங்களுக்காக வேளாவேளைக்கு எலுமிச்சை பிழிந்த வெந்நீர் கொடுத்தனுப்புகிறார். அதையும் நானே குடித்து வயிறு குளமாகிவிட்டது.

படகில் ஒரு வழக்கம். எந்தப் பிராணியை யார் முதலில் பார்த்தாலும் பலகையில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. அதிகக் கோடு வாங்கியவர் கடைசி நாள் சுக்கானைப் பிடிக்கலாம். பறக்கும் மீன்களை நம் அறையின் வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மேலே ஓடி, "அவர்தான் பார்த்தாரு" என்று அளந்துவிட்டேன். டெய்லர் என்று எழுதி ஒரு கோடு போட்டார்கள். அப்புறம் என்ன, டால்பின்களும் உங்கள் கணக்கில்தான். படுத்துக்கொண்டே எல்லோரையும் முந்திவிட்டீர்கள்!

இன்று காலை, தீவு கண்ணில் படும் முன், திமிங்கலம் வந்தது. வட்ட ஜன்னலை ஒட்டி அதன் முதுகு போய்க்கொண்டே இருந்தது. உங்கள் டேப்பால் அளந்து முடியாது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், நானும் மூச்சு விட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் இறங்கிவிட்டது. "என்னங்க, இங்க வந்து பாருங்க" என்று திரும்பினேன். உங்கள் கட்டில் விரிப்பு கசங்காமல் இருந்தது.

அழுதுகொண்டே மேலே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "தினம் அந்த அறையைக் கூட்டுறது நான்தானேம்மா" என்றார் சமையல்காரர். முதல் நாளே தெரியுமாம். தெரிந்தும் வெந்நீர் கொடுத்தனுப்பியிருக்கிறார்!

நான் பலகையை அழிக்கப் போனேன். கேப்டன் விடவில்லை. திமிங்கலத்துக்கும் உங்கள் பெயரிலேயே கோடு போட்டார். "அவர் எப்ப வந்தாலும் சுக்கான் அவருக்குத்தான்" என்றார். அதனால் இந்தப் பயணத்தில் வேறு யாரும் அதைப் பிடிக்கப்போவதில்லை.

எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? மேலே எல்லோரும் காத்திருக்கிறோம். தூங்கியது போதும், எழுந்து வாருங்கள்.

கரை சேர்ந்ததும் ஓடி வரும்,
உங்கள் வீட்டுக்காரி