டாக்டர் எதிரில் உட்காராதவர்

மயிலாப்பூர், சென்னை-4
23-8-97

சிரஞ்சீவி ஸஹானாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். உன் க்ஷேமத்துக்கு எழுது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று கை வழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். அந்த ஒரு வார்த்தையால்தான் இந்த வாரம் காரியம் கெட்டது.

அப்பாவின் விபத்துக் கேஸை இனிக் கோர்ட்டில் இழுக்காமல் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று வக்கீல் சொன்னதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். தண்ணீர் லாரி ஸ்கூட்டரை இடித்து எட்டு வருஷமாகிறது. நம் டாக்டர் ஊனம் நாற்பத்தைந்து சதவீதம் என்கிறார், இன்ஷூரன்ஸ்காரர்களின் டாக்டர் பத்து என்கிறார். இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்வது, அதை வைத்து முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. எனக்கு அது நியாயமாகவே பட்டது. நாற்பது சதவீதமாவது போட்டால், வரும் பணத்தில் இந்த வருஷமே இடுப்பு ஆபரேஷனைச் செய்துவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டால் எலும்பு தாங்காது என்று நம் டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை போனோம். அப்பா பழைய கம்பெனி டையைக் கட்டிக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, எக்ஸ்ரேக்களை வேலைக்குப் போன காலத்து மருந்து சாம்பிள் பைக்குள் வைத்துக்கொண்டார். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான்தான், மனுஷர் இப்படிக் கிளம்பி எத்தனை நாளாயிற்று என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. டாக்டர் அறை வாசலில் கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனார். உட்காருங்கள் என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். இவர் உட்காரவில்லை. மருந்துக் கம்பெனி ரெப்பாக இருபது வருஷம் டாக்டர்கள் எதிரில் நின்ற பழக்கம், சிரித்தபடி நிற்கிறார். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு "சௌக்கியமா இருக்கேன் டாக்டர்" என்றார். வலி உண்டா என்றதற்கு, பெரிசா ஒண்ணுமில்லை என்றார். படுத்தால் புரள முடியாது டாக்டர் என்று நான் குறுக்கே சொன்னேன். பெண்டாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல் டாக்டர் என்னைப் பார்த்தார். காலை மடக்கச் சொன்னபோதும் அப்பா முகம் மாறாமல் மடக்கிக் காட்டினார். ஊனம் பதினெட்டு சதவீதம் என்று டாக்டர் எழுதிவிட்டார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த வக்கீல் குமாஸ்தா அங்கமுத்துவுக்குத் தாளவில்லை. "இன்னா சார், எட்டு வருஷமா சொவத்தப் புட்ச்சிகினு நடக்கிறீங்க, இன்னிக்கின்னு பாத்து அட்டென்ஷன்ல நின்னுகினு கீறீங்களே, டாக்டராண்ட டானிக் விக்கவா போனீங்க" என்று கேட்டே விட்டார். அப்பா அதற்கும் சிரித்தார். ஆட்டோவில் லஸ் முனையைத் தாண்டினோம். பிறகு, கொஞ்சம் உக்காந்திருக்கப்படாதா, ன்னா என்றேன். "டாக்டர் எதிர்ல எப்படிடி உக்கார்றது" என்றார். அவ்வளவுதான். எழுதிய டாக்டர்மேலும் எனக்குக் கோபமில்லை, எதிரில் நின்றவரைத்தானே அவர் எழுத முடியும். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது, மாட்டேன் என்றால் பழையபடி கோர்ட்டு, இன்னும் எத்தனை வருஷமோ. போதும் என்றார் அப்பா. நேற்றுப் போட்டுவிட்டார், பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆபரேஷன் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை, இனி எடுக்கப்போவதுமில்லை.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்து ஆவதற்கு ஒன்றுமில்லை. பூனாவில் மழை விடவில்லை என்று பேப்பரில் பார்த்தேன், ஈரத் தலையோடு ஆபீசுக்குப் போகாதே. நல்லபடியாக இரு, மனசைத் தளரவிடாதே, கபாலி உன் பக்கத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு ஜானு மாமியின் போனில் கூப்பிடும்போது ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அப்பாவிடம் எப்படி இருக்கே என்று கேட்காதே, என்ன சொல்வார் என்று தெரியும். போன் பக்கத்தில் மாமி ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். உக்காந்துண்டு பேசுப்பா என்று சொல். நீ சொன்னால் உட்காருவார்.

இப்படிக்கு,
அம்மா