என் முழங்காலின் அளவு

ஜூன் 12, 1974. புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பதினோராம் வகுப்பைப் புதுக் கட்டடத்தின் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். என் சரித்திர வகுப்பு தினமும் அங்கேதான்.

வலது முழங்கால் கோடையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. இன்று படிக்கட்டின் திருப்பத்தில், முழங்கால் சில்லுக்கு அடியில் யாரோ கல்லை வைத்து அரைப்பதுபோல் இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மைதானத்தில் யாரையோ தேடுகிறவள்போல் நின்றேன். பிள்ளைகள் ஒதுங்கி ஏறிப் போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "யாரைத் தேடுறீங்க மிஸ்? கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். நல்ல பெண். இந்த நேரத்தில் இவ்வளவு நல்ல பெண்ணாக இருக்க வேண்டாம்.

ஜூன் 22. சனி

டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். தேய்மானமாம். நாற்பத்து நாலு வயதுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, முழங்காலுக்கு ஓர் உறை வாங்கிப் போடச் சொன்னார். எந்த அளவு, எந்த மாதிரி, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடையில் கேட்டால் கொடுப்பார்கள் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் சாலமோன் அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வேலையை விட்டுடேன் கிருபா. உனக்கு இங்க என்ன குறை?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

ஒரு குறையும் இல்லை. அண்ணி ரத்தினபாய் எனக்கென்று மீன் துண்டை எடுத்துவைக்கிறவள். ஆனால் காலையில் குடையை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரம் தெருவில் இறங்குகிறேனே, அப்போதிலிருந்து சாயங்காலம் வரைக்கும்தான் நான் யாருடைய தங்கையும் இல்லை.

ஜூன் 29. சனி

பாரிமுனைக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடை. கண்ணாடி அலமாரியில் ஊன்றுகோல், வெந்நீர்ப் பை, இடுப்புப் பட்டை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது, "வீட்டுல ஒருத்தருக்கு." ஆள் குண்டா ஒல்லியா என்றார். "கிட்டத்தட்ட என் உடம்புதான்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் என் முழங்காலைப் பற்றி வேறு எப்படிப் பேசுவதாம்?

அளவு கையில் இருந்தது. நேற்றே கட்டிலில் உட்கார்ந்து தையல் டேப்பால் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்து நடுத்தர அளவை எடுத்து வைத்தார். நான் பெரியதைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் எதையும் கச்சிதமாக வாங்கிப் பழக்கமில்லை. தண்ணீர் பட்டால் சுருங்கும் அல்லவா?

வந்ததும் புதுத் துணியைப்போல் வாளியில் ஊறப்போட்டுவிட்டேன்.

ஜூலை 3

காய்ந்தது. சுருங்கவில்லை. இன்னும் தளர்ந்ததுபோல் இருக்கிறது. நடக்க நடக்க இறங்குகிறது. வகுப்பில் நின்றுகொண்டு புடவைக்குள்ளே அதை எப்படி மேலே இழுப்பது?

ஜூலை 9. செவ்வாய்

எழுத வெட்கமாயிருக்கிறது.

படியில் பாதி ஏறும்போது உறை மொத்தமாக நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. புடவை ஓரத்துக்குக் கீழே, தோல் நிறத்தில், உரித்த பாம்புச் சட்டை மாதிரி. அதிலேயே கால் தடுக்கி முன்னால் சாய்ந்தேன். விழவில்லை. சரித்திரப் புத்தகம் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மதியம் தலைமையாசிரியை மிஸஸ் லாசரஸ் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், அப்போதே புரிந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் கீழே ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்ளலாமாம். பதினோராம் வகுப்பைச் செல்லம்மா பார்த்துக்கொள்வாளாம். செல்லம்மா வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்.

"தண்டனைன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்குள்ள கால் சரியாயிட்டா நானே சந்தோஷப்படுவேன்."

கால் சரியாகாவிட்டால்? முதலில் கீழ் வகுப்பு. அப்புறம் பள்ளிக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷன் மேம்பாலம் ஏற முடியாது. அப்புறம் அண்ணன் மடித்து வைத்த பேப்பர்.

ஜூலை 14. ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். அண்ணனிடம் சொல்லி, இருப்பதிலேயே சின்ன அளவாக வாங்கிவரச் செய்திருக்கிறாள். "லூசா இருந்துச்சு, கழண்டுச்சு. இறுக்கமா இருந்தா எங்க போயிடும்?" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். கழலாது என்பது மட்டும் நிச்சயம்.

ஜூலை 17. புதன்

கழலவில்லை. காலைத்தான் கொன்றுவிட்டது. மூன்றாவது மணிக்கே பாதம் மரத்துப்போயிற்று. சாயங்காலம் பார்த்தால் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. செருப்பு வாரைப் பூட்ட முடியவில்லை. சில்லின் மேல் வலி முன்பைவிட அதிகம்.

குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷா ஏகநாதன் நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா டீச்சரம்மா, ஒரு கால இஸ்துகினு வர்ற? நான் அங்க வந்து ஏத்திகினு போமாட்டனா?" என்றான். அவன் வண்டியில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு துணிக் குழாய். அதை ஒழுங்கா வாங்கத் தெரியல எனக்கு. எம்.ஏ. படிச்சு என்ன பிரயோஜனம்? எல்லாருக்கும் ஒரு யோசனை இருக்கு. என் கால் மட்டும் என் பேச்சைக் கேக்கல — பேசாம கீழயே போயிடலாமா? ஆறாம் வகுப்பும் பிள்ளைங்கதானே?

இல்லை. வேண்டாம்.

ஜூலை 19. வெள்ளி

டிரில் டீச்சர் பியூலா கடைசி மணிக்குப் பிறகு ஓய்வறைக் கதவைத் தாழிட்டாள். "காட்டுங்க அக்கா" என்றாள். கல்லூரி நாளில் ஓட்டப்பந்தயத்தில் ஓடியவள், முழங்கால் வலி அவளுக்கும் உண்டாம். காட்டினேன். பெரியதை வாங்கி ஊறவைத்த கதையையும் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா, அது என்ன ரவிக்கைத் துணியா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவை.

உட்கார்ந்து, மடக்கிய காலில் எடுத்த அளவே தப்பு என்றாள். நிற்கவைத்து, காலை நீட்டச் சொல்லி, சில்லுக்கு மேலே தொடையில் ஓர் அளவு, கீழே கெண்டைக்காலில் ஓர் அளவு எடுத்தாள். வீக்கம் இருந்தால் சாயங்காலம்தான் எடுக்கவேண்டுமாம். அதைவிட முக்கியமாக ஒன்று கேட்டாள். வலி எங்கே? சில்லிலா, பக்கவாட்டிலா? சில்லில் என்றேன். "அப்ப மூடின உறை எந்த அளவுல போட்டாலும் அது அந்த இடத்தையேதான் அமுக்கும். நடுவுல ஓட்டை விட்டது இருக்கு. பக்கத்துல இரும்புப் பட்டை வச்சதா வாங்குங்க, கெட்டியா இருக்கும்."

டாக்டர் கேட்காதது, கடைக்காரர் கேட்காதது. நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லையே.

ஜூலை 20. சனி

வேண்டுமென்றே மத்தியானத்துக்கு மேல் பாரிமுனை போனேன். அதே கடைக்காரர். இந்த முறை யாருக்கு என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

"எனக்குத்தான். வலது கால். போட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

வானம் இடிந்து விழவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், பின்கட்டில் திரை போட்ட இடத்தைக் காட்டினார். பெட்டியின் மேலேயே அளவு அட்டவணை அச்சடித்திருக்கிறது. சென்ற முறை அதைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. தொடை அளவும் கெண்டைக்கால் அளவும் நடுத்தரத்தில்தான் விழுந்தன.

முதலில் பியூலா சொன்ன இரும்புப் பட்டை வைத்தது. நிற்கும்போது அருமை. குடோனுக்குப் போகும் மரப்படியில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் திகைத்தார், ஆனால் சரி என்றார். ஏறும்போது பட்டை தொடையில் குத்தியது. புடவை அதில் சிக்கிக்கொண்டது. பியூலா அரைக்கால் டவுசரில் ஓடியவள், அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் பட்டை இல்லாதது, நடுவில் வட்டமாக ஓட்டை விட்டது. சில்லு அந்த ஓட்டையில் வந்து சௌகரியமாக உட்கார்ந்தது. மேல் விளிம்பில் என் விரல் ஒன்று நுழைந்தது. ஏறினேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். வலி போய்விடவில்லை. ஆனால் யாரோ முழங்கையைத் தாங்கிக் கூடவே வருவதுபோல் இருந்தது. கடைக்குள் ஊன்றுகோல் வாங்க வந்த ஒரு பெரியவர் நான் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூலை 22. திங்கள்

மாடி வரைக்கும் நிற்காமல் போனேன். மெதுவாகத்தான். உறை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகஸ்ட் 11. ஞாயிறு

உறையை மட்டும் நம்பாதே என்று பியூலா ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறாள். மல்லாந்து படுத்து, மடக்காமல் காலைத் தூக்கி நிறுத்தவேண்டும். தொடைக்கு வலு வந்தால் முழங்காலுக்குச் சுமை குறையுமாம். படுக்கும்போது உறையைக் கழற்றிவிடச் சொன்னாள். அண்ணி அறை வாசலில் நின்று, "பாத்துடி, மின்விசிறிய உதைச்சிடப் போற" என்கிறாள். அவள் வாங்கிக் கொடுத்த சின்ன உறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது அலமாரியில் இருக்கிறது.

செப்டம்பர் 19. வியாழன்

நாளையோடு காலாண்டுப் பரீட்சை முடிகிறது. இன்று மாடிக்கு ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம். மிஸஸ் லாசரஸ். சோதிக்கத்தான் வருகிறார் என்று தெரிந்தது. வேகம் காட்டக் கூடாது, தயங்கவும் கூடாது. எப்போதும் ஏறுவதுபோல் ஏறினேன்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் திருப்பத்திலேயே நின்றுவிட்டிருந்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க வகுப்புக்குப் போங்க கிருபா. நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

உள்ளே போய்க் கரும்பலகையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்திருந்த பலகை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

நவம்பர் 14. வியாழன்

இரண்டு நாளாக மழை. கீழ் வகுப்புகளில் தண்ணீர் புகுந்து தவளைச் சத்தம், செல்லம்மாவின் வகுப்பிலும்தான். செல்லம்மா ஓய்வறையில் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு மெள்ள ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் தானே மாடி வகுப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று. "உங்க முழங்காலை நினைச்சுத்தான் சொல்றேன் அக்கா."

"முழங்கால் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

காபி நன்றாக இருந்தது. வகுப்பைத் தருவதாக இல்லை.