காப்பி ஆறட்டும்

அஜ்லூன்

அன்பு மகன் முன்திருக்கு அம்மா எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே நானும் அப்பாவும் நலம், அந்தப் பனி தேசத்தில் நீயும் நலமாய் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஆலிவ் பறிக்க ஏணியில் ஏறுகிறார், சொன்னால் கேட்பதில்லை. உன் அக்கா சுஹா வெள்ளிக்கிழமை வந்து மக்லூபா சோறு சமைத்து, பாதியைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

உன் நாவலைப் பதிப்பகத்தார், "எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க, அடுத்து என்னன்னு ஒரு தவிப்பே வரலை" என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும், இனி அதைப் பரணில் போடப்போவதாகவும் எழுதியிருந்தாய். அங்கேயே நிரந்தரமாக வேலை கிடைத்திருக்கிறது, தங்கிவிட அப்பா சம்மதிப்பாரா என்றும் கேட்டிருந்தாய். முதலில் நாவல். பெண் கேட்டு வரும் அத்தியாயத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், கேட்டு வந்ததற்குச் சம்மதம் கிடைத்தால்தான் குடிப்பேன் என்று வழக்கப்படி காப்பியை மேசையில் வைக்கிறார், தகப்பன் உடனே "காப்பியைக் குடிங்க, இனி இவ உங்க வீட்டுப் பொண்ணு" என்கிறான், பெண்கள் குலவையிடுகிறார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தி, "காப்பியில ஆவி அடங்குறதுக்குள்ள பொண்ணைத் தூக்கிக் குடுத்துட்டானே, இவனெல்லாம் ஒரு அப்பனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சுஹாவைக் கேட்டு வந்த நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது.

நீ அன்று தெருமுனையில் வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. பெண்கள் நாங்கள் முன்பே பேசி முடித்த சம்பந்தம்தான் அது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஹாஜி ஃபவ்வாஸ் கோப்பையை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்க்கிறார். உன் அப்பா சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். இவரோ மழையில் ஆரம்பித்து, ஆலிவ், சாலைப் பள்ளம் என்று போய், எப்போதோ செத்துப்போன நம் கழுதை வரை வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் சுஹா என் கையை நெரித்து, "யம்மா, அப்பாவை யாராச்சும் நிறுத்துங்களேன், காப்பி ஆறுது" என்று அழாத குறையாகக் கெஞ்சினாள். அந்தச் சம்பந்தத்துக்காக உன் அப்பாவோடு மல்லுக்கு நின்றவளே நான்தான். அதே நான் அங்கே நின்று, கழுதைக் கதை முடிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் "குடிங்க" என்று அப்பா சொன்னதும் குலவையிட வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. சுஹாவோ, "ஏன் சொன்னாரு?" என்று என் தோளில் விழுந்து அழுதாள். ஹாஜி அந்த ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சூடு பதமா இருக்கு" என்றார், அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

அதனால் நாவலைப் பரணில் போடாதே. அதற்காக யாரையும் கெட்டவனாக்கவும் வேண்டாம். தகப்பனுக்கு மகளைக் கொடுக்கவும் ஆசை இருக்கட்டும், கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் ஆசை இருக்கட்டும். காப்பி ஆறட்டும், வாசிக்கிறவர்கள் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்.

உன் இன்னொரு கேள்வியை அப்பாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். அன்று முதல் சாப்பிட உட்கார்ந்தால் மழைதான், ஆலிவ்தான். நேற்று அந்தக் கழுதையும் வந்துவிட்டது. நானும் குறுக்கே பேசவில்லை. இன்று காலை ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியவர், திரும்பிப் பார்க்காமலே, "அவனைக் காப்பியைக் குடிக்கச் சொல்லு" என்றார்.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. திருத்திய அத்தியாயத்தை மறக்காமல் அனுப்பு, அப்பா கேட்கக் காத்திருக்கிறார். இறைவன் உன் வழியை லேசாக்கி, நீ கால் வைக்கும் இடமெல்லாம் அருளையும் பரக்கத்தையும் தரட்டும். அப்பா அப்படிச் சொன்னதுமே நான் குலவையிட்டிருக்க வேண்டும், கண்ணு. இந்த முறையும் சத்தம் வரவில்லை.

உன் அம்மா,
உம்மு முன்திர்